தாழ்த்திய காரில் காம்பரைக் குறைந்த செலவில் சரிசெய்வது எப்படி? முழுமையான வழிகாட்டி

ஸ்ப்ரிங்கை மாற்றிக் காரின் உயரத்தைக் குறைத்து, அதாவது காரைத் தாழ்த்தி, சில மாதங்கள் ஓட்டியபின் முன் டயர்களின் உள் ஓரம் வழுக்கையாகிவிடும். நின்று பார்த்தால் டயர் புதிதாகத்தான் தெரியும். ஸ்டீயரிங்கைக் கடைசிவரை ஒடித்து, குனிந்து உள்பக்கம் பார்த்தால்தான் நூலும் கம்பியும் வெளியே வந்திருப்பது கண்ணில் படும். யாரிடம் காட்டினாலும் ஒரே பதில்: “காம்பர் போய்விட்டது.” அதன் பிறகு பணம் செலவாகத் தொடங்கும்.

அந்தப் பதில் பெரும்பாலும் பாதி உண்மைதான். காம்பர், அதாவது முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம், மாறியிருக்கும். ஆனால் அந்த டயரைத் தின்றது அநேகமாக டோ. சக்கரத்தின் தலை உள்பக்கம் சாய்ந்திருப்பது காம்பர் கோளாறு. மேலிருந்து பார்க்கும்போது சக்கரத்தின் மூக்கு வெளியே விரிந்தோ உள்ளே மடிந்தோ இருப்பது டோ கோளாறு. முதலாவது கண்ணுக்குத் தெரியும், இரண்டாவது தெரியாது. தெரிவதன் மேல் பழியைப் போட்டு, தெரியாததை அப்படியே விட்டுவிடுவதால்தான் காம்பரைத் திருத்தும் தனி போல்ட்டை (காம்பர் போல்ட்) மாட்டிய பிறகும் பலருக்கு டயர் தேய்வது நிற்பதில்லை. குறைந்த செலவில் வேலை முடிய வேண்டுமென்றால் எதை முதலில் பார்ப்பது என்ற வரிசை முக்கியம். அந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

எடுத்துக்காட்டுக்கு, நம் ஊரில் அதிகம் தாழ்த்தப்படும் கார்களில் ஒன்றான மாருதி ஸ்விஃப்டை வைத்துக்கொள்வோம். முன்னால் மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட் (ஸ்ப்ரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்த தூண்), பின்னால் டார்ஷன் பீம் (இரு பின்சக்கரங்களையும் இணைக்கும் இரும்புக் குறுக்குச் சட்டம்). நம் சாலைகளில் ஓடும் சிறிய கார்களில் பெரும்பாலானவற்றுக்கு இதே அமைப்புதான் என்பதால் சொல்வதெல்லாம் அவற்றுக்கும் பொருந்தும். பின்சக்கரங்கள் தனித்தனியாக இயங்கும் கார்களைப் பற்றிக் கடைசியில் வருகிறேன்.

சட்டத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52, பதிவுச் சான்றிதழில் உள்ள தயாரிப்பாளரின் விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. காரைத் தாழ்த்தும் முன் இதையும் காப்பீட்டையும் யோசித்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே தாழ்த்தப்பட்ட காரை வாங்கி, அதன் தேய்மானத்தோடு போராடுகிறவர்களும் பலர் உண்டு. அவர்களுக்கும் கீழே உள்ளவை உதவும்.

தாழ்த்தும்போது அடியில் என்ன நடக்கிறது

மெக்ஃபெர்சன் அமைப்பில் சக்கரத்தைத் தாங்கும் நக்கிளின் மேல்பகுதி ஸ்ட்ரட்டோடு இரண்டு போல்ட்டுகளால் இறுக்கப்பட்டிருக்கும். கீழ்ப்பகுதி பால் ஜாயிண்ட் (குண்டு மூட்டு) வழியாக லோயர் ஆர்மில் (சக்கரத்தைக் காரின் அடிப்பகுதியோடு சேர்க்கும் கை) உட்கார்ந்திருக்கும். கம்பெனி உயரத்தில் லோயர் ஆர்ம் பொதுவாக வெளிப்பக்கம் சற்றுக் கீழ்நோக்கிச் சரிந்திருக்கும். காரைத் தாழ்த்தினால் அந்த ஆர்ம் படுகிடைக்கு வரும். வரும்போது பால் ஜாயிண்ட் கொஞ்சம் வெளியே தள்ளப்படும். கீழ்ப்பகுதி வெளியே போனால் சக்கரத்தின் தலை உள்ளே சாயும். அதுதான் நெகட்டிவ் காம்பர்.

ஆர்ம் படுகிடையைத் தாண்டி மேல்நோக்கித் திரும்பிவிட்டால் பால் ஜாயிண்ட் மறுபடி உள்ளே வரத் தொடங்கும். ஆகவே ஸ்ட்ரட் வைத்த காரில் தாழ்த்தத் தாழ்த்தக் காம்பர் ஏறிக்கொண்டே போகும் என்று நினைக்க வேண்டாம். 30, 40 மில்லிமீட்டர் தாழ்த்திய காரில் கூடுவது பெரும்பாலும் ஒரு டிகிரியைத் தாண்டாது. மொத்தம் ஒன்றரை டிகிரி நெகட்டிவ் இருந்தாலும் டோ சரியாக இருந்தால் சாலையில் ஓடும் கார் டயரை ஓரளவு சமமாகவே தேய்க்கும்.

டோ அப்படியல்ல. ஸ்டீயரிங் ராக்கிலிருந்து (ஸ்டீயரிங்கைத் திருப்பினால் இடவலமாக நகரும் தண்டு) நக்கிளுக்குப் போகும் டை ராட், லோயர் ஆர்மைவிட வேறு நீளம், வேறு கோணம். உடல் தாழும்போது இரண்டும் ஒரே வில்லில் நகர்வதில்லை. அதனால் சக்கரங்கள் திரும்பிக்கொள்கின்றன. பெரும்பாலான கார்களில் இரு சக்கரங்களின் மூக்கும் வெளியே விரியும், அதாவது டோ-அவுட்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 15 இஞ்ச் ரிம்மின் வெளி விளிம்பிலிருந்து எதிர் விளிம்புவரை ஏறத்தாழ 410 மில்லிமீட்டர். ஒரு சக்கரத்தில் ரிம்மின் முன் ஓரம் பின் ஓரத்தைவிட வெறும் ஒன்றரை மில்லிமீட்டர் வெளியே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கார் நேராக ஒரு கிலோமீட்டர் போகும்போது அந்த டயர் மூன்றரை மீட்டருக்கும் மேல் பக்கவாட்டில் இழுபடுகிறது. பத்தாயிரம் கிலோமீட்டரில் இது சுமார் 36 கிலோமீட்டர். தார்ச்சாலையில் அவ்வளவு தூரம் தேய்க்கப்படும் ரப்பரின் கதி என்னவாகும் என்பதை விளக்கத் தேவையில்லை. இத்தனையும் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத ஒன்றரை மில்லிமீட்டரால் வருகிறது.

டயரே சொல்லும்

கருவி எதையும் எடுக்கும் முன் டயரைத் தொட்டுப் பாருங்கள். ஸ்டீயரிங்கை ஒடித்துவைத்து, உள்ளங்கையை டிரெட்டின் (தரையில் படும், பள்ளங்கள் உள்ள பரப்பு) மேல் குறுக்காக வைத்து, உள் ஓரத்திலிருந்து வெளி ஓரத்துக்கும் பிறகு வெளியிலிருந்து உள்ளுக்கும் தடவுங்கள். கம்பி வெளியே வந்த டயரில் இதைச் செய்யாதீர்கள், கையைக் கிழித்துவிடும்.

ஒரு திசையில் வழுவழுப்பாகவும் எதிர்த்திசையில் ரம்பப் பல் போலவும் பட்டால் அது டோ தேய்மானம். வெளியே தடவும்போது வழுவழுப்பு, உள்ளே தடவும்போது கூர்மை என்றால் டோ-அவுட். மாறியிருந்தால் டோ-இன். எந்தத் திசையில் தடவினாலும் ஒரே மாதிரி மென்மையாக இருந்து, டிரெட் மட்டும் உள்பக்கம் சரிவாகக் குறைந்துகொண்டே போனால் அது காம்பர் தேய்மானம். இரண்டும் கலந்தும் இருக்கும். தாழ்த்திய கார்களில் கலப்புதான் அதிகம். டிரெட் முழுக்க ஆங்காங்கே குழி குழியாக இருந்தால் ஷாக் அப்சார்பர் செத்துவிட்டது என்று பொருள். அதை மாற்றாமல் வேறு எந்தத் திருத்தமும் பலிக்காது.

செலவழிக்கும் முன் பார்க்க வேண்டியவை

முன்பக்கத்தை ஜாக்கியில் ஏற்றி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் காரின் அடியில் கை வைக்கக் கூடாது. பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் முட்டுக்கட்டை கொடுங்கள். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் பால் ஜாயிண்ட் அல்லது வீல் பேரிங். இடமும் வலமும் பிடித்து ஆட்டினால் ஆட்டம் வந்தால் டை ராட் எண்ட் அல்லது ராக். லோயர் ஆர்ம் புஷ்ஷில் வெடிப்பு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இதில் ஒன்று தேய்ந்திருந்தாலும் இன்று வைக்கும் அளவு அடுத்த குழியில் மாறிவிடும். காம்பர் போல்ட்டுக்கு ஒதுக்கிய பணத்தை முதலில் இங்கே போடுங்கள்.

அடுத்தது ஸ்ப்ரிங். பணம் மிச்சம் பிடிப்பதற்காகச் சிலர் கம்பெனி ஸ்ப்ரிங்கையே ஒரு சுற்று, ஒன்றரைச் சுற்று வெட்டிவிடுகிறார்கள். வெட்டிய முனை அதன் இருக்கையில் சரியாக உட்காராது. சக்கரம் முழுவதும் தொங்கும்போது ஸ்ப்ரிங் கழன்று நகரும். கேஸ் வைத்துச் சூடாக்கி அமுக்கிய ஸ்ப்ரிங் இன்னும் மோசம், ஏனென்றால் எஃகின் பதமே போய்விடும். இரண்டு பக்கமும் ஒரே உயரமாக வெட்டுவதும் அநேகமாக நடப்பதில்லை. வெட்டிய ஸ்ப்ரிங் போட்ட காரில் அலைன்மென்ட்டுக்குச் செலவழிப்பது வீண் என்பதே என் உறுதியான கருத்து. முதலில் அந்தக் காருக்கென்றே செய்யப்பட்ட தாழ்வான ஸ்ப்ரிங்கைப் போடுங்கள், அல்லது பழைய கம்பெனி ஸ்ப்ரிங்கையே வாங்கிப் போடுங்கள்.

உயரத்தை அளக்க, சக்கரத்தின் நடுவிலிருந்து ஃபெண்டர் விளிம்புவரை நான்கு சக்கரங்களிலும் டேப் பிடித்து எழுதிவையுங்கள். முன்னிரண்டுக்கும் இடையே வித்தியாசம் 5 மில்லிமீட்டருக்கு மேல் போனால் காரணத்தைத் தேடுங்கள். ஒரு பக்கம் தாழ்ந்தால் அந்தப் பக்கக் காம்பரும் மாறும். இரு பக்கக் காம்பருக்கும் அரை டிகிரிக்கு மேல் வித்தியாசம் வந்தால் பாசிட்டிவ் அதிகமுள்ள பக்கத்துக்குக் கார் இழுக்கும்.

இன்னொன்றைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். லோயர் ஆர்ம் புஷ்கள் ரப்பரும் இரும்பும் ஒட்டியவை. பழைய உயரத்தில் இறுக்கியவற்றை அப்படியே விட்டுக் காரைத் தாழ்த்தினால் ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருக்கும், சீக்கிரம் கிழியும். ஆர்ம் போல்ட்டுகளைத் தளர்த்தி, சக்கரங்களில் எடை இறங்கி நிற்கும் நிலையில் மறுபடி இறுக்குங்கள். இதற்குக் காசு எதுவும் தேவையில்லை.

வீட்டிலேயே அளப்பது

தேவையானவை: கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டு, டியூப் மட்டம், டேப், மீன் நரம்பு அல்லது மெல்லிய நைலான் நூல், ஒரே நீளமுள்ள இரண்டு குழாய்கள், நான்கு முக்காலிகள் அல்லது செங்கல் அடுக்குகள்.

நம் வீடுகளின் போர்டிகோ எதுவும் மட்டமாக இருக்காது. மழைத்தண்ணீர் ஓட வாட்டம் விட்டுத்தான் போட்டிருப்பார்கள். டியூப் மட்டத்தில் தண்ணீர் நிரப்பி, நான்கு சக்கரங்கள் நிற்கும் இடங்களையும் ஒப்பிட்டு, தாழ்ந்த இடத்தில் டைல்ஸ் துண்டுகளை வைத்து ஏற்றுங்கள். அது முடியாதென்றால், ஒருமுறை அளந்துவிட்டுக் காரை அப்படியே எதிர்த்திசையில் திருப்பி அதே இடத்தில் நிறுத்தி மறுபடி அளந்து, இரண்டின் சராசரியை எடுங்கள். தரையின் சாய்வு ஒருமுறை கூட்டும், மறுமுறை கழிக்கும்.

டயர் காற்று நான்கிலும் சரியாக இருக்கட்டும். அளக்கும் முன் காரை முன்னும் பின்னும் சில மீட்டர் உருட்டி, பானட்டை அமுக்கி அமுக்கி விடுங்கள். ஜாக்கியிலிருந்து இறக்கிய உடனே அளந்தால் தவறான அளவுதான் கிடைக்கும், ஏனென்றால் சக்கரங்கள் உள்வாங்கிய நிலையிலேயே தரையைக் கவ்விக்கொண்டிருக்கும். முன்சக்கரங்களின் கீழ் இரண்டிரண்டு வழுவழுப்பான டைல்ஸ்களை நடுவில் கிரீஸ் தடவி வைத்தால் சக்கரம் தானாகத் தன் இடத்துக்கு நகரும். ஸ்டீயரிங் நேராக இருக்க வேண்டும். காஸ்டர் கோணம் (பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது சக்கரம் திரும்பும் அச்சின் சாய்வு) இருப்பதால் சக்கரம் சற்றே திரும்பினாலும் காம்பர் அளவு மாறிவிடும்.

காம்பரை அளக்க, ஃபெண்டரில் ஒரு குச்சியை டேப் போட்டு ஒட்டி, அதிலிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிடுங்கள். நூல் டயரின் வயிற்றைத் தொடாமல், சக்கரத்தின் நடுவுக்கு நேராகத் தொங்க வேண்டும். நூலிலிருந்து ரிம்மின் மேல் விளிம்புக்கு உள்ள தூரம், கீழ் விளிம்புக்கு உள்ள தூரம் இரண்டையும் எடுங்கள். மேல் தூரம் அதிகமென்றால் நெகட்டிவ். வித்தியாசத்தை, அந்த இரண்டு விளிம்புகளுக்கும் இடையே உள்ள உயரத்தால் வகுத்து 57.3 ஆல் பெருக்கினால் டிகிரி கிடைக்கும். மேலே 62, கீழே 48, வித்தியாசம் 14, விளிம்பிலிருந்து விளிம்புக்கு 410 என்றால், 14 வகுத்தல் 410 பெருக்கல் 57.3, ஏறத்தாழ 1.96 டிகிரி நெகட்டிவ். ஒரு மில்லிமீட்டர் பிசகினால் 0.14 டிகிரி பிசகும். நம் தேவைக்கு அந்தத் துல்லியம் போதும்.

கைபேசியில் சாய்வு காட்டும் செயலியை நேரான அலுமினியப் பட்டையில் வைத்து, பட்டையை ரிம்மின் மேல் கீழ் விளிம்புகளில் சாய்த்தும் பார்க்கலாம். கேமரா மேடு பட்டையில் முட்டாதபடி வையுங்கள்.

டோவுக்கு நூல். காரின் முன்னால் ஒரு குழாய், பின்னால் ஒரு குழாய், இரண்டும் சக்கர நடுவின் உயரத்தில். இரு குழாய்களிலும் ஒரே இடைவெளியில் குறி வைத்து, இரு பக்கமும் நூலை இழுத்துக் கட்டினால் இரண்டு இணைகோடுகள் கிடைக்கும். இடது வலது முன்சக்கர நடுவிலிருந்து நூலுக்கு உள்ள தூரம் சமமாகவும், அதேபோலப் பின்சக்கரங்களில் சமமாகவும் வரும்வரை குழாய்களை நகர்த்துங்கள். முன், பின் தூரங்கள் ஒன்றுக்கொன்று வேறாக இருக்கலாம், அதில் தவறில்லை. பிறகு ஒவ்வொரு சக்கரத்திலும் ரிம்மின் முன் ஓரத்திலிருந்தும் பின் ஓரத்திலிருந்தும் நூலுக்கு உள்ள தூரத்தை அளக்கவும். முன் ஓரத்தின் தூரம் அதிகம் என்றால் டோ-இன். குறைவு என்றால் டோ-அவுட்.

காசில்லாத முதல் திருத்தம்

எல்லா அளவையும் எழுதியாயிற்று. காம்பர் ஒன்றரை டிகிரிக்குள் இருந்து, இரு பக்கமும் ஏறத்தாழச் சமம் என்றால் காம்பரைத் தொடவே வேண்டாம். நேராக டோவுக்குப் போங்கள். தாழ்த்திய காரில் காம்பரைப் பூச்சியத்துக்குக் கொண்டுவர நினைப்பதும் தவறு. வளைவில் கார் சாயும்போது வெளிச்சக்கரம் தரையில் முழுதாகப் பதிவதற்குக் கொஞ்சம் நெகட்டிவ் உதவுகிறது.

அதற்கு மேல் இருந்தால், முதலில் கம்பெனி போல்ட்டுகளை வைத்தே முயலுங்கள். ஸ்ட்ரட்டையும் நக்கிளையும் சேர்க்கும் இரண்டு போல்ட்டுகளுக்கும் அவற்றின் துளைகளுக்கும் இடையே பல கார்களில் சிறிது இடம் இருக்கும். சக்கரத்தைக் கழற்றி, துரு நீக்கும் ஸ்ப்ரே அடித்து ஊறவிட்டு, ஸ்ட்ரட்டும் நக்கிளும் சேரும் இடத்தில் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். போல்ட் தலையை ஸ்பானரில் பிடித்துக்கொண்டு நட்டை மட்டும் தளர்த்துங்கள். சில கார்களில் போல்ட்டின் உடலில் பற்கள் இருக்கும். அதைத் திருகினால் துளை கெடும். இரண்டு நட்டும் தளர்ந்ததும் நக்கிளின் தலையை வெளிப்பக்கம் நன்றாகத் தள்ளிப் பிடித்து, ஒருவர் தள்ள மற்றொருவர் இறுக்க வேண்டும். கால் டிகிரி முதல் அரை டிகிரிவரை கிடைக்கலாம். ஓரளவு தாழ்த்திய காருக்கு இதுவே போதுமானதாக இருப்பதை நீங்களே பார்ப்பீர்கள்.

நட்டுகள் நைலான் பூட்டு வைத்தவையாக இருந்தால் புதியதாக மாற்றுங்கள். சில ரூபாயில் முடியும் விஷயத்தில் சிக்கனம் வேண்டாம்.

காம்பர் போல்ட்

இன்னும் தேவைப்பட்டால் காம்பர் போல்ட். இது கம்பெனி போல்ட்டைவிட மெலிந்த உடலும், நடுவில் ஒரு பக்கம் புடைத்த பகுதியும் கொண்டது. போல்ட்டைத் திருப்பினால் அந்தப் புடைப்பு நக்கிளை உள்ளேயோ வெளியேயோ தள்ளும். எஸ்பிசி, வைட்லைன், ஐபாக், எச்&ஆர் போன்ற நிறுவனங்கள் செய்கின்றன. ஒரு போல்ட்டில் கூட்டவோ குறைக்கவோ ஒன்றரை டிகிரி அளவுக்கு இடம் கிடைக்கும். முன்பக்கத்துக்கு இரண்டு வாங்க ஆகும் செலவை, நீங்கள் வருடத்துக்கு மாற்றும் டயர்களின் விலையோடு ஒப்பிட்டுப் பார்த்து முடிவெடுங்கள்.

வாங்கும் முன் உங்கள் காரின் போல்ட்டைக் கழற்றி வெர்னியரில் தடிமனை அளந்துகொள்ளுங்கள். ஒரே பெயருள்ள காரின் வெவ்வேறு தலைமுறைகளுக்கு அளவு மாறும். தலையில் எஃகின் வலுவைக் குறிக்கும் 10.9 அல்லது 12.9 என்ற எண் பொறித்திருக்க வேண்டும். உடல் மெலிந்த போல்ட் அதே பிடியைத் தர வேண்டுமென்றால் எஃகு வலுவாக இருந்தே ஆக வேண்டும். எந்த எண்ணும் பொறிக்காத, லேத்தில் கடைந்து தரும் போல்ட் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். அதில் தொங்குவது முன்சக்கரம்.

சில ஐரோப்பியக் கார்களில் ஸ்ட்ரட் குழாய் நக்கிளின் வளையத்துக்குள் செருகி இறுக்கப்பட்டிருக்கும், இரண்டு போல்ட் அமைப்பே இருக்காது. அவற்றுக்கு இந்த வழி பொருந்தாது. வாங்கும் முன் சக்கரத்துக்குள் எட்டிப் பாருங்கள்.

மாட்டும் முறை இது. முன்பக்கத்தை ஏற்றிச் சக்கரத்தைக் கழற்றுங்கள். ஏபிஎஸ் வயரையும் பிரேக் ஹோஸையும் ஸ்ட்ரட்டில் பிடித்திருக்கும் கிளிப்பிலிருந்து விடுவியுங்கள். லோயர் ஆர்மின் கீழ் இன்னொரு ஜாக்கியை லேசாக முட்டுக்கொடுங்கள். இரண்டு போல்ட்டையும் ஒரே நேரத்தில் கழற்றாதீர்கள். நக்கிள் வெளியே சரிந்து பிரேக் ஹோஸில் தொங்கும், டிரைவ் ஷாஃப்ட்டின் உள் ஜாயிண்ட் பிடுங்கிக்கொள்ளவும் கூடும். கீழ் போல்ட்டைத் தளர்த்தி மட்டும் வையுங்கள், மேல் போல்ட்டைக் கழற்றுங்கள். அந்த இடத்தில் காம்பர் போல்ட்டை, காதுள்ள வாஷரோடு செருகுங்கள். மேலா கீழா என்பதில் போல்ட்டோடு வரும் தாளில் வேறு சொல்லியிருந்தால் தாள் சொல்வதே சரி.

புடைப்பு வெளிப்பக்கம் பார்த்தால் நக்கிளின் தலை வெளியே போகும், நெகட்டிவ் குறையும். தலை எந்தப் பக்கம் நகர்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே மெதுவாகத் திருப்புங்கள். வேண்டிய இடத்தில் நிறுத்தி, முதலில் கீழ் நட்டு, பிறகு மேல் நட்டு. கீழ் நட்டுக்குக் காரின் சர்வீஸ் கையேட்டில் உள்ள டார்க் (இறுக்கும் முறுக்குவிசையின் அளவு). காம்பர் போல்ட்டுக்கு அதைச் செய்த நிறுவனம் சொன்ன டார்க். இரண்டும் ஒன்றல்ல. மெலிந்த போல்ட்டைப் பழைய டார்க்கில் இறுக்கினால் அது நீண்டுவிடும். டார்க் ரென்ச் சொந்தமாக இல்லையென்றால் வாடகைக்கோ இரவலுக்கோ வாங்குங்கள். இந்த ஒரு வேலைக்குக் கை அனுபவம் ஈடாகாது.

சக்கரத்தை மாட்டி, இறக்கி, உருட்டி, அமுக்கி, மறுபடி தூக்குக்குண்டு. இரு பக்கமும் கால் டிகிரி வித்தியாசத்துக்குள் வரும்வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும். சக்கரத்தின் தலை வெளியே வந்திருப்பதால் ஃபெண்டர் விளிம்பில் டயர் உரசுகிறதா என்று ஸ்டீயரிங்கை இரு பக்கமும் கடைசிவரை ஒடித்தும், பின்னிருக்கையில் ஆட்களை ஏற்றி வேகத்தடையில் மெதுவாக ஏற்றி இறக்கியும் பாருங்கள். சாலைகளுக்குத் தரவிதி வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் அமைப்பின் விதிப்படி வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரம்தான் இருக்க வேண்டும். நம் தெருக்களில் இருப்பவை அதை மதிப்பதில்லை என்பதால் உங்கள் தெருவில் இருக்கும் மிக மோசமான தடையில் சோதித்துப் பார்ப்பதே நல்லது.

செய்யவே கூடாதவை

டயர் கடைகளில் ‘காம்பர் கரெக்‌ஷன்’ என்று ஒரு வேலை நடக்கிறது. ஹைட்ராலிக் கருவியை ஸ்ட்ரட்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் பொருத்தி அமுக்குவார்கள். கணினித் திரையில் எண் பச்சையாகும். கட்டணமும் சில நூறு ரூபாய்தான். ஆனால் அங்கே சரிசெய்யப்படுவது எதுவுமில்லை. ஸ்ட்ரட் குழாயையோ நக்கிளையோ வளைக்கிறார்கள். வளைந்த குழாய்க்குள் ஷாக் அப்சார்பரின் தண்டு ஒரு பக்கமாக உரசும், ஆயில் சீல் ஒழுகும். வளைந்த வார்ப்பிரும்பு எங்கே விரிசல் விட்டிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. கருவியை எடுத்து வந்தால் வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லுங்கள். டோ மட்டும் வைத்துத் தரச் சொல்லுங்கள்.

ஸ்ட்ரட்டின் மேல் துளையை அரத்தால் ராவி நீட்டுவது பழைய வழி. சில அமெரிக்கக் கார்களின் சர்வீஸ் கையேடுகளே இதை அனுமதித்திருந்தன. கையேடு சொல்லாத காரில் நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். நக்கிளின் துளையை ராவுவதோ, துளையைச் சுற்றி வெல்டிங் வைப்பதோ எந்தக் காரிலும் கூடாது.

ஸ்ட்ரட்டின் தலையில் மாட்டும் மலிவான காம்பர் பிளேட்டுகளில் ரப்பருக்குப் பதில் இரும்பு பேரிங் இருக்கும். நம் சாலைக் குழிகளிலும் மழைக்காலச் சேற்றிலும் அவை விரைவில் கடகடக்கத் தொடங்கும். பந்தயத்துக்கு ஓட்டாதவர்களுக்கு அது தேவையில்லாத செலவு.

பின்சக்கரங்கள்

டார்ஷன் பீம் காரில் பின்சக்கரங்கள் ஒரே கனமான பீமில் இறுக்கப்பட்டிருப்பதால் தாழ்த்துவதால் காம்பர் பெரிதாக மாறாது. பின் டயரின் உள் ஓரம் தேய்ந்தால் பீம் அடிபட்டிருக்கிறதா, பேரிங் ஆடுகிறதா என்று பாருங்கள். பீம் நன்றாக இருந்தும் கோணம் தவறாக இருந்தால் ஹப்புக்கும் (சக்கரம் மாட்டும் பகுதி) பீமுக்கும் நடுவில் வைக்க ஒரு பக்கம் தடித்த ஷிம் தகடுகள் கிடைக்கின்றன. காம்பர், டோ இரண்டையும் அவற்றால் திருத்தலாம். வாஷர்களை அடுக்கி அந்த வேலையைச் செய்யாதீர்கள். ஹப் முழுப் பரப்பில் உட்காராமல் போல்ட்டுகள் வளையும்.

2006 முதல் 2013 வரை இங்கே விற்ற ஹோண்டா சிவிக் போன்ற கார்களில் பின்சக்கரங்கள் தனித்தனி ஆர்ம்களில் இயங்கும். அவற்றைத் தாழ்த்தினால் பின்பக்கம்தான் அதிகம் சாயும். அங்கே நீளம் கூட்டிக் குறைக்கும் மேல் ஆர்ம் வாங்குவதே சரியான வழி. பின்பக்க டோவும் அதோடு மாறும், அதையும் வைத்தே ஆக வேண்டும்.

டோவை வைப்பது

காம்பரில் கை வைத்தால் டோ நிச்சயம் மாறும். ஆகவே சோதிக்கும்போது டோ முதலில், திருத்தும்போது டோ கடைசியில்.

ஸ்டீயரிங்கை நேராக வைத்து, சீட் பெல்ட்டோடு கட்டி அசையாமல் நிறுத்துங்கள். டை ராட் எண்டின் பூட்டு நட்டைத் தளர்த்தி, உள் ராடை ஸ்பானரில் பிடித்துக் கால் சுற்றுக் கால் சுற்றாகத் திருப்புங்கள். இரு பக்கமும் ஒரே அளவு திருப்பினால்தான் ஸ்டீயரிங் நடுவில் நிற்கும். ராக்கின் ரப்பர் உறை கூடவே முறுக்கிக்கொள்ளும், அதன் கிளிப்பை முன்பே தளர்த்திவிடுங்கள். கம்பெனி அளவு கையில் இருந்தால் அதையே வையுங்கள். இல்லையென்றால் முன்சக்கரங்கள் இரண்டும் சேர்ந்து பூச்சியத்திலிருந்து ஒரு மில்லிமீட்டர் டோ-இன் வரை வைப்பதே என் விருப்பம். டோ-அவுட்டில் மட்டும் விடாதீர்கள்.

நூல் வைத்துச் செய்தது போதும் என்று நினைத்தாலும், ஒருமுறை கணினி அலைன்மென்ட் எடுப்பதற்கான பணத்தை ஒதுக்குங்கள். தாழ்ந்த பம்பர் தட்டாத ராம்ப் உள்ள கடையாகப் பாருங்கள். கிளாம்ப் மாட்டியதும் காரை உருட்டி ரிம் கோணலைக் கழிக்கும் வேலையை அவர்கள் தவிர்க்கப் பார்த்தால் அதைச் செய்யும்படி கேளுங்கள். திருத்தும் முன் இருந்த அளவையும் திருத்திய பின் வந்த அளவையும் அச்சடித்து வாங்கிக்கொள்ளுங்கள். திரையில் காம்பர் சிவப்பாகத்தான் வரும், ஏனென்றால் அந்தக் கணினி கம்பெனி உயரத்தில் உள்ள காரோடு ஒப்பிடுகிறது. இரு பக்கமும் சமமாக, ஒன்றரை டிகிரிக்குள் இருந்தால் சிவப்பைக் கண்டு பயப்பட வேண்டாம். டோ மட்டும் பச்சையாக இருந்தே ஆக வேண்டும்.

உள் ஓரம் ஓரளவே தேய்ந்த பழைய டயர்களை உடனே தூக்கி எறிய வேண்டியதில்லை. டிரெட் வடிவம் இரு பக்கமும் ஒன்றாக, சுழலும் திசைக் குறி இல்லாத டயரென்றால் ரிம்மிலிருந்து கழற்றி உள்ளும் வெளியும் மாற்றிப் போடலாம். பக்கச்சுவரில் ‘அவுட்சைட்’ என்று எழுதியிருந்தால் மாற்றக் கூடாது. நூலோ கம்பியோ தெரியும் டயரை எந்தப் பக்கமும் திருப்பிப் போடாதீர்கள். நெடுஞ்சாலையில் அது எப்போது வெடிக்கும் என்று சொல்ல முடியாது.

ஐந்நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஸ்ட்ரட் நட்டுகளை டார்க் ரென்ச்சில் மறுபடி சரிபாருங்கள். நீங்கள் போட்ட பெயின்ட் கோடு, இறுக்கியபோது இருந்த இடத்திலிருந்து நகர்ந்திருந்தால் போல்ட் வழுக்குகிறது, அதை அப்படியே ஓட்டாமல் மாற்றுங்கள். அதன் பிறகு மாதம் ஒருமுறை காற்று அடிக்கும்போது ஸ்டீயரிங்கை ஒடித்து, உள் ஓரப் பள்ளத்தின் ஆழத்தையும் வெளி ஓரப் பள்ளத்தின் ஆழத்தையும் அளந்து குறித்துவையுங்கள். இரண்டுக்கும் இடையே வித்தியாசம் மாதாமாதம் கூடிக்கொண்டே போனால் நூலை எடுத்து டோவிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.